பதினான்கு பாகம்

மச்சான்,

நான்கு நாளாக என் கையில் உப்பு வாசம் போகமாட்டேன் என்கிறது. சோப்பு போட்டுத் தேய்த்தாயிற்று, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாயிற்று. என் பெண் அவள் ஆபீஸ் பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து இரண்டு சொட்டு விட்டு, "இப்ப மோந்து பாரு நைனா" என்றாள். மோந்து பார்த்தேன். முன்னால் எலுமிச்சம்பழம் வந்தது. அதன் பின்னாலேயே நீ வந்தாய். உப்பும் மீனும் டீசலும் கலந்த உன் கயிற்று வாசம்.

போன வியாழக்கிழமை அவளுக்கு லீவு. நாவலூரில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் வேலை பார்க்கிற பெண்ணுக்கு லீவு கிடைத்தால் அப்பாவின் வெல்டிங் பட்டறை கண்ணில் குத்தும் போலிருக்கிறது. பரண்மேல் ஏறி, பதினைந்து வருஷத்துத் துருவையெல்லாம் கீழே தள்ளிக்கொண்டிருந்தாள். திடீரென்று என் தோளில் ஏதோ சுருண்டு விழுந்தது. நான் போட்ட கூச்சலில் எதிர்க்கடை டெய்லர் கத்தரிக்கோலோடு ஓடி வந்துவிட்டார். பாம்பு இல்லை. பச்சை நைலான் கயிறு.

"இன்னா நைனா இது? தூக்கிப் போட்டுடவா?" என்றாள் மேலிருந்து.

"தொடாத" என்றேன். கீழே கிடக்கிற கயிற்றை மேலே நிற்கிறவள் எப்படித் தொடுவாள்? ஆனாலும் சொன்னேன்.

கயிற்றில் கொஞ்ச தூரத்துக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு துண்டுத் துணி. சிவப்பாக இருந்தது இப்போது வெளுத்துப் போய்ச் செங்கல் தூள் நிறத்தில் இருக்கிறது. உன் பெண்டாட்டியின் பழைய புடவைக் கரை. முடிச்சுகளை எண்ணினேன். பதினான்கு.

அப்போதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து இதுவரை மூன்று முறை எழுந்துவிட்டேன். ஒரு முறை, திறக்காத கேஸ் சிலிண்டரை மூடுவதற்கு. ஒரு முறை, டீ சொல்வதற்கு. மூன்றாவது முறை எதற்கென்று எனக்கே தெரியவில்லை. தெரு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

கயிறு மட்டும் விழுந்திருந்தால் பரவாயில்லை. அதற்கு முந்தின நாள் ஒருவர் பட்டறைக்கு வந்து போயிருந்தார். கடப்பாக்கம் பக்கத்து ஆள். கடலில் போகிறவர். பார்த்தவுடனே தெரிந்தது, அந்தக் கழுத்துக் கறுப்பு வேறு யாருக்கும் வராது. உன் பெண்ணை அவருடைய அக்கா மகனுக்குப் பேசுகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடாம். அதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார்.

"பொண்ணு தங்கமான பொண்ணுன்றாங்க. ஆனா அதோட நைனா கை நீளம்னு டீக்கடையில ஒரு பேச்சு ஓடிகினு கீது. யாருய்யா சொன்னதுன்னு கேட்டா, எல்லாரும் உன்னக் காட்றாங்க. இன்னா சமாச்சாரம்?"

நான் சிரித்தேன், மச்சான். என் வழக்கம் அது. "அதெல்லாம் பழைய கத அண்ணாத்த" என்றேன்.

"சிரிக்காத" என்றார் அவர். "பொண்ணு சமாச்சாரம். ஞாயித்துக்கெழம நாங்க வரலாமா, வேணாமா? அத மட்டும் சொல்லு."

"ஞாயித்துக்கெழம காலைல டீக்கடையாண்ட வா அண்ணாத்த, சொல்றேன்" என்று அனுப்பி வைத்தேன். மறுநாள் கயிறு வந்து விழுந்தது.

உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். இத்தனை வருஷமும் நான் இதைச் சிரிப்புக் கதையாகவே சொல்லிச் சொல்லி, எது நடந்தது எது நான் சேர்த்தது என்று எனக்கே குழம்பிக் கிடக்கிறது.

கால்வாய்க்கு மேற்கே நாங்கள், கிழக்கே நீங்கள். எங்களுக்குப் பின்னால் ரோடு, உங்களுக்குப் பின்னால் கடல். பள்ளிக்கூடம் எங்கள் பக்கம். நீ ஒரு அலுமினியத் தவலையில் சட்டையையும் சிலேட்டையும் போட்டு, அதைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டே நீந்தி வருவாய். ஈரத் தலையோடு என் பக்கத்தில் உட்காருவாய். என் நோட்டில் ஒரு பக்கம் எப்போதும் ஊறியிருக்கும். ஐந்தாவதோடு நீ கடலுக்குப் போனாய். நான் ஒன்பதாவது வரை போய், அங்கே என்னை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அந்த நான்கு வகுப்பு வித்தியாசம் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் கொடுத்தது. அதுதான் வினையாக வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். உன் பெண்டாட்டி தலைமேல் மீன் கூடையோடு கால்வாயைக் கடக்கும்போது சேற்றில் கால் வாரி, கூடை போய், அவளும் போக இருந்தாள். நீ மறுநாள் ஈர லுங்கியோடு பட்டறைக்கு வந்தாய். "மீனெல்லாம் அதுங்க வூட்டுக்கே பூட்ச்சி மச்சான்" என்று சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை நிறுத்தி, "ஒரு பாலம் போட்டுக் குடு" என்றாய்.

ஜன்னலுக்கு ஒரு கிரில் போட்டுக் கொடு என்கிற மாதிரி கேட்டாய். நானும் அதே மாதிரி, "எத்தினி நாள்ல வேணும்?" என்றேன்.

அதுவரை நான் செய்ததெல்லாம் ஜன்னல் கிரில், வாசல் கேட், ஒரே ஒரு மாட்டு வண்டிக்கு அச்சு. அந்த அச்சும் நிற்கவில்லை. ஆனால் மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப் போன ஜனங்களுக்கு, பாலம் கட்டுகிறேன் என்று ஒருத்தன் வாயைத் திறந்ததே பெரிதாக இருந்தது. திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு பழைய அரிசி மில்லை இடித்தார்கள். அதன் கூரை இரும்பை இரண்டு கரை ஜனங்களும் சேர்ந்து வாங்கினோம். அதற்கு முன்னால் இரண்டு கரையும் சேர்ந்து எதையும் வாங்கினதாக எனக்கு நினைவில்லை.

அளவு எடுத்த நாள் நினைவிருக்கிறதா? என்னிடம் இருந்தது ஐந்து மீட்டர் டேப். அதை வைத்துக் கால்வாயை அளப்பதற்குள் கால்வாயே வற்றிவிடும். நீதான், "கயிறு கீது, கையி கீது, டேப்பு எதுக்கு?" என்றாய். எங்கள் கரை எல்லைக்கல்லில் கயிற்றின் ஒரு நுனியைக் கட்டினாய். மறு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நீந்தினாய். உங்கள் கரையில் ஒற்றைப் பனை நின்றதே, அதில் இழுத்துச் சுற்றி, அடையாளம் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாய். கரையில் நின்று கயிற்றை மார்புக்குக் குறுக்கே இரண்டு கையாலும் விரித்து விரித்து அளந்தாய். கடலில் ஆழம் பார்க்கிறவர்கள் அளக்கிற அதே மாதிரி, கையை முழுசாக விரித்தால் ஒரு பாகம். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு முடிச்சு, ஒரு சிவப்புத் துணி.

"பதினாலு பாகம். கணக்கா வந்து நிக்குது பாரு."

எனக்கு வாய்ப்பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டை ஞாபகம் வந்தது. ஒன்பதாவது வரை போனவன் இல்லையா? "ஒரு பாகம்னா ஆறடிதான?" என்றேன்.

நீ கையை விரித்துக் காட்டினாய். "பாகம்னா இதான். ஆறடியா அறுவதடியா, அது உன் படிப்பு."

என் சட்டைப் பையில் டேப் இருந்தது, மச்சான். அதை எடுத்து உன் விரித்த கையில் வைத்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். ஊரிலேயே உயரமானவன் நீ. நின்றால் கை முட்டியைத் தொடுகிற மாதிரி இருக்கும். உன் பாகம் ஆறடி இல்லை, ஆறரை. நான் டேப்பை எடுக்கவில்லை. சுண்ணாம்புக் கட்டியால் எல்லைக்கல்லில் எழுதினேன். பதினான்கு ஆறு எண்பத்து நான்கு. எவ்வளவு அழகாக எழுதினேன் தெரியுமா? கீழே ஒரு கோடு கூடப் போட்டேன்.

பன்னிரண்டு அடிக்கு ஒரு துண்டு. ஏழு துண்டு. மில் இரும்பை அறுத்துச் சட்டம் கட்டினேன். எண்பத்து நான்கு அடிக்குப் போக மீதம் கொஞ்சம் இருந்தது. மீதத்தை வைத்து என்ன செய்தேன்? கைப்பிடி நெடுகத் தாமரைப்பூ வைத்தேன். எனக்குத் தெரிந்த கலை அது ஒன்றுதானே. நீ அதைப் பார்த்துவிட்டு, "மச்சான், பாலம் கேட்டா கல்யாண மண்டபம் கட்டிகினு கீற" என்றாய். பெருமையாகத்தான் இருந்தது எனக்கு.

வைகாசியில் பூட்ட ஆரம்பித்தோம். எங்கள் கரையிலிருந்து ஒவ்வொரு துண்டாக. கழுத்தளவு தண்ணீரில் நின்று குழாய்க் கால்களை நீதான் பிடித்துக்கொண்டாய். நான் மேலே உட்கார்ந்து பற்றவைத்தேன். பொறி உன் தலையில் விழும். முங்கி எழுந்து திட்டுவாய். "மொட்ட போடறதுக்கு நான் திருப்பதிக்கே போய்க்கிறேன்டா, நீ வுடு!"

ஆறாவது துண்டு ஏறினதும் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். கரை இன்னும் தூரமாகத் தெரிந்தது. வெயில் கண்ணைக் கூசுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏழாவதும் ஏறியது. இரண்டு கரையிலும் ஜனம். உங்கள் பக்கம் மேளம் வேறு சொல்லியிருந்தார்கள். பாலம் போய் நின்ற இடத்துக்கும் கரைக்கும் நடுவில் ஏழு அடி தண்ணீர், அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மேளக்காரர் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்தினார். அந்த இரண்டு தட்டு இன்னும் என் காதில் இருக்கிறது.

உங்கள் குப்பத்துத் தலைவர் கரையிலிருந்து கத்தினார். "ஏம்பா, ஏழடி இரும்பு எங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாலத்தின் நுனியில், கையில் வெல்டிங் கம்பியோடு, தாமரைப்பூவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சட்டென்று கணக்கு விளங்கிவிட்டது. அதைத்தான் சொல்ல நினைத்தேன். சத்தியமாக அதைத்தான். உன் பக்கம் கையைக் காட்டிச் சொன்னேன்.

"இரும்பு எங்கயும் போவல தலைவரே. இவனுக்குக் கை நீளம், அதான்!"

உங்கள் கரையில் ஒருத்தன் விசிலடித்தான். அப்புறம் இரண்டு கரையும் சேர்ந்து சிரித்தது. இரும்பு வாங்கினதற்கு அடுத்தபடியாக அவர்கள் சேர்ந்து செய்த காரியம் அதுதான். "ஆமாமா, கை நீளம்தான்!" என்று ஒருத்தன். "ஏழடிக்கு நீளமா!" என்று இன்னொருத்தன். இரும்பு எங்கே என்று கேட்டதற்கு, கை நீளம் என்று பதில். கேட்கிறவன் என்ன நினைப்பான்?

நீ தண்ணீரில் நின்றபடி என்னை நிமிர்ந்து பார்த்தாய். அப்போதாவது நான், "ஐயோ, அந்தக் கை நீளம் இல்லை, இந்தக் கை நீளம், தப்பு என் கணக்கில்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், ஆறால் பெருக்கிய முட்டாள் நான் என்று தெரிந்துவிடும். மீதி இரும்பையெல்லாம் பூவாக வைத்தவன் என்றும் தெரிந்துவிடும். ஜனங்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலையில் நான் போய்ப் பார்த்தபோது, அந்த ஏழு அடியில் இரண்டு பனம்பலகை கிடந்தது. இரவோடு இரவாக நீ அறுத்துப் போட்டிருந்தாய். என்னைப் பார்த்ததும், "வுடு மச்சான். நான் பாகம்னேன், நீ அடின்ன. ரெண்டும் சரிதான். நடுவுலதான் தண்ணி" என்றாய். அத்தோடு விட்டுவிட்டாய் என்று நினைத்தேன்.

நீ விட்டாய். ஊர் விடவில்லை. பலகைமேல் நடக்கிற ஒவ்வொருவனும் உன்னை நினைத்துக்கொண்டான். குப்பத்தில் ஒருத்தனுடைய படகு என்ஜின் விசிறி காணாமல் போனபோது முதலில் உன் வீட்டில்தான் வந்து தேடினார்கள். விசிறி அவன் மச்சினன் படகிலேயே கிடந்தது. எனக்கு அன்றைக்கே சேதி வந்தது. உன்னைப் பார்க்க ஒரு வாரம் கழித்து வந்தேன். வந்து என்ன பேசினேன் என்று நினைவிருக்கிறதா? என் பெண் ஒன்றாம் வகுப்பில் ரேங்க் வாங்கினதைப் பற்றிப் பேசினேன்.

எனக்கோ பேர் ஏறிக்கொண்டே போனது. ஏழு அடி குறைந்தாலும் பாலம் பாலம்தானே! குழந்தைகள் 'பாலத்து மாமா' என்றார்கள். பட்டறைக்கு 'பாலம் வெல்டிங் ஒர்க்ஸ்' என்று போர்டு வைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் மனசு கேட்காமல், நல்ல சட்டமாக ஒன்று கட்டி, மூன்று சக்கர சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பலகையை எடுத்துவிட்டு இரும்பைப் பூட்டிவிடலாம் என்றேன். நீ சைக்கிளின் முன்னால் வந்து நின்றாய்.

"எடுத்துகினு போயிடு."

"ஏன்டா? ஒரு மணி நேர வேலடா."

"இப்ப இரும்பு வந்துதுன்னா இன்னா சொல்வானுங்க? திருடுனவன் திருப்பி வெச்சுட்டான்பானுங்க. பலகயே இருக்கட்டும். பலகய எவனும் என்னாண்ட கேக்க மாட்டான்."

அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது, நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று. அந்தச் சட்டத்தை அப்புறம் ஒரு கோழிப் பண்ணைக்குக் கதவாக அடித்துக் கொடுத்தேன். நீ வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் புதுப் பலகை அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தாய். ஒரு வருஷமும் தவறவில்லை.

கடைசியாகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில். மஞ்சள் காமாலை முற்றிப் போய், கண்ணெல்லாம் மஞ்சள். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே வாக்கியம் வாக்கியமாகக் கட்டிக்கொண்டு வந்தேன். உள்ளே வந்தால் உன் கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. என்னைப் பார்த்தவுடனே நீ முந்திக்கொண்டாய்.

"வா மச்சான். இந்தக் கட்டில நீதான் வெல்டு வெச்சியா? ஆறடிக்குதான் கீது."

பக்கத்துக் கட்டில்காரர் கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியில் வந்து, சைக்கிள் ஸ்டாண்டில் நின்று யோசித்த பிறகுதான் உறைத்தது. உனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். பலகை போட்ட காலையில் நீ சொன்னதும் அதுதான், நான்தான் வேடிக்கைப் பேச்சு என்று விட்டுவிட்டேன். அந்த ஆறடி யாருடையது என்று தெரிந்தும், எட்டு வருஷம் ஒருவரிடமும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாய். திரும்பி உள்ளே போகலாம் என்று நினைத்தேன். பார்வை நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். நாளைக்கு வருகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாளை உனக்கு இல்லை.

நீ போன மறுவருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஊருக்குள் வந்தது. குப்பமே அந்தப் பாலத்தின் மேல்தான் ஓடி வந்தது. உன் பெண்டாட்டி, உன் பெண் எல்லோரும். பலகை நீ போட்டு வைத்தது; நீ போன பிறகும் ஐப்பசி தவறாமல் உன் பெண்டாட்டி ஆள் வைத்து அதை மாற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் பிழைத்து வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "நீ கட்னதுப்பா" என்றார்கள். பலகை போட்டவன் நீ என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு நான் சிரிக்கவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

இதோ, நான்காவது முறையாக எழுந்துவிட்டு வந்திருக்கிறேன். டெய்லர், "இன்னா நைனா, வவுறு சரியில்லியா?" என்று கேட்கிறார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். கடப்பாக்கத்துக்காரர் சொன்னபடி வந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வேனிலேயே உட்கார்ந்திருந்தார்கள். இறங்குவதா வேண்டாமா என்று அவர் சொல்லுக்காகக் காத்திருந்தார்கள்.

"எல்லாரும் பாலத்தாண்ட வாங்க" என்றேன். "ஒரு சமாச்சாரம் காட்டணும்."

"புதுசா பாலம் வுடப் போறியா பாலத்து மாமா?" என்றான் ஒருத்தன். ஆனால் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, வேறு வேலை என்ன?

எல்லைக்கல்லில் கயிற்றின் நுனியைக் கட்டினேன். உன்னைப் போலப் பல்லில் கடித்துக்கொண்டு நீந்த எனக்கு வயசும் இல்லை, பல்லும் இல்லை. பாலத்தின் மேலேயே இழுத்துக்கொண்டு நடந்தேன். தாமரைப்பூ ஒவ்வொன்றும் கையைக் கிழித்தது. அந்தக் காலத்தில் நான் முனை மழுக்கக் கற்றுக்கொண்டிருக்கவில்லை. பாலம் முடிந்தது. கயிறு முடியவில்லை. உன் பலகைமேல் நடந்து கரை ஏறி, பனைமரத்தில் இழுத்தேன். பதினான்காவது முடிச்சு பட்டையில் போய் உட்கார்ந்தது. ஒரு சாண் கூடக் கிடந்தது. நைலான் இத்தனை வருஷத்தில் அவ்வளவு இளகியிருக்கும்.

"இதான் அவன் அளந்த அளவு" என்றேன். பின்னால் நின்றவர்கள் "இன்னா, இன்னா?" என்றார்கள். இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். "கர டு கர, பதினாலு பாகம். அவன் அளவு ஒரு வெரக்கட கூட தப்பல."

கடப்பாக்கத்துக்காரர் கயிற்றை எடுத்தார். ஒரு முடிச்சை இடது கையில் பிடித்து, மார்புக்குக் குறுக்கே விரித்தார். அடுத்த முடிச்சு அவர் கைக்கு எட்டவில்லை. நெஞ்சை நிமிர்த்தி இன்னொரு முறை விரித்தார். எட்டவில்லை.

"யோவ், இன்னாய்யா இது, ஆளா கொக்கா?"

"ஆறரை அடி அண்ணாத்த" என்று என் டேப்பை வைத்துக் காட்டினேன். பதினைந்து வருஷம் தாமதமாக.

"பாகம்னா அவனவன் கையி. கடல்ல போறவனுக்கு இது தெரியும். இத ஆறடின்னு எவன்யா கணக்கு போட்டது?"

கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் கூட அப்படித் தூக்கினதில்லை. "நான்தான். அவனுக்கு நெசமாவே கை நீளம். அதத்தான் சொன்னேன். நீங்கள்லாம் வேற மாதிரி சிரிச்சீங்க. நானும் கூட சேந்து சிரிச்சுட்டேன். இரும்பு ஒரு துண்டு கூட எங்கயும் போவல. மீந்ததெல்லாம் இதோ, பூவா பூத்துகினு கீது."

அவர் தாமரைப்பூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எத்தினியாவது வரிக்கும் படிச்ச?"

"ஒம்போது. பெயிலு."

"அதான்" என்றார். "அஞ்சாவதோட நிறுத்தியிருந்தா பாலம் கரைக்குப் போயிருக்கும்."

அந்தச் சிரிப்பு பெரிதாக இருந்தது. இந்த முறை என்னைப் பார்த்து. அதில் ஒரு கிழவர் மட்டும் சிரிக்காமல், "அடப்பாவி, அவன எத்தினி பேச்சு பேசினோம்" என்று பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். உன் குப்பத்துத் தலைவர்தான். இப்போது பதவி இல்லை, பல்லும் இல்லை. கடப்பாக்கத்துக்காரர் வேன் பக்கம் திரும்பிக் கையசைத்தார். "எறங்குங்க எறங்குங்க. பொண்ணு வூட்டுல நாஸ்தா ஆறிடப் போவுது!" பெண்கள் பூத்தட்டோடு இறங்கி, பாலத்தில் வரிசையாக நடந்து, உன் பலகை வந்ததும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தராகத் தாண்டிப் போனார்கள்.

உன் பெண்டாட்டி பனைமரத்தடியில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். "தங்கச்சி" என்றேன். 

"இத அவுரு உசுரோட இருக்கசொல்லவே சொல்லியிருக்கணும்ணா" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மீன் என்ன விலை என்று சொல்கிற குரலில் சொன்னாள். என் கையிலிருந்து கயிற்றை வாங்கி, ஒரு சிவப்புத் துணியைத் தேய்த்துப் பார்த்தாள். "எங்க அம்மா எடுத்துக் குடுத்த பொடவ" என்றாள். கயிற்றைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

அவள் வீட்டுப் பக்கம் திரும்பும்போது, கேட்டுவிடலாம் என்று தோன்றியது. "தங்கச்சி, இப்பவாச்சும் அந்த ஏழடிக்கு இரும்பு போடட்டுமா?"

பலகையைக் காலால் ஒரு முறை அழுத்திப் பார்த்தாள்.

"போடு" என்றாள். "பூ போடாத."

இன்றைக்கு விடியற்காலையிலேயே அறுத்துவிட்டேன், மச்சான். இரண்டு நீளச் சட்டம், நடுவில் குறுக்குக் கம்பி, கைப்பிடிக்கு நேர் குழாய். ஒரு வளைவு கிடையாது. பட்டறையில் சாய்த்து வைத்திருக்கிறேன். என் பெண் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, மொட்டையா கீது?" என்கிறாள். கை பரபரக்கிறது எனக்கு. ஓரத்தில் ஒரே ஒரு மொட்டு வைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது? வைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ போன நாளிலிருந்து, கேட்டுக்கு, ஜன்னலுக்கு என்று வந்து கையை விரித்து அளவு காட்டுகிறவர்கள் யாராக இருந்தாலும், முதலில் டேப்பை எடுத்து அவர்கள் கையை அளந்துவிடுகிறேன். "சட்டையா தெக்கிறாரு?" என்று டெய்லரைப் பார்த்துக் கேட்கிறார்கள். டெய்லருக்கு என்மேல் கோபம். ஐந்தடி, ஐந்தே கால், ஐந்தடி எட்டங்குலம். இத்தனை வருஷத்தில் ஒருத்தனுக்கும் ஆறரை வரவில்லை.

மூன்று சக்கர சைக்கிள் வந்துவிட்டது. சட்டத்தை ஏற்ற வேண்டும். ஐந்தாவது முறையாக எழுந்திருக்கிறேன். இந்த முறை போகிற இடம் தெரியும்.